அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க!

போன வாரம் பெரம்பலூரில், பட்டப்பகலில், நன்றாகப் படித்த ஒரு கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து அழுவதற்கு முயற்சி செய்தேன். வரவில்லை.

நான் சாதாரணமாக அழுகைக்குப் பஞ்சம் வைப்பவள் அல்ல. யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், பெண்ணை வண்டியில் ஏற்றும்போது பெண்ணின் அம்மாவுக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் எதிரே நாற்காலி போட்டு, சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்து, 'ம், அழுங்க' என்றால்... எப்படி வரும்?

எல்லாம் டாக்டர் ரெஹானாவால் வந்தது. மனநல மருத்துவர். லப்பைக்குடிகாட்டுப் பெண். அப்பா துபாயில் கடை, அண்ணன் குவைத்தில் வேலை என்று வீடே வெளிநாட்டில் இருக்க, இவர் மட்டும் பெரம்பலூரை விட்டு நகர மாட்டேன் என்கிறார். எங்கள் பக்கத்துத் தெருதான். ஒரு நாள் போன் செய்தார்.

"அக்கா, சனிக்கிழம ஃப்ரீயா இருப்பீங்களா? ஒரு நாளைக்கு பேஷண்ட்டா வரணும்."

"எனக்கு என்ன வியாதி?"

"அத நா சொல்லித் தரேன்."

விஷயம் இதுதான். சிலருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும். அடங்க நெடுநேரம் ஆகும். கோபமோ அழுகையோ, வந்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு பேச்சு சிகிச்சை இருக்கிறது. டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. சுருக்கமாக டி.பி.டி. 'நீ இருக்கிறபடியே உன்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்பதையும், 'நீ மாறவும் வேண்டும்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிற சிகிச்சை.

இரண்டாவதைச் சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. முதலாவதைச் சொல்வதற்குத்தான் பயிற்சி வைக்க வேண்டியிருக்கிறது.

இதில் பலர் சேர்ந்து உட்கார்ந்து கற்றுக்கொள்கிற வகுப்பு ஒரு பக்கம். வாராவாரம் தெரபிஸ்ட்டும் வந்தவரும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற இன்டிவிஜுவல் செஷன் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதை நடத்துவதற்குப் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து கவுன்சலர்களுக்கு ரெஹானா பயிற்சி கொடுக்கிறார். பயிற்சிக்குப் பொய் பேஷண்ட் ஒருவர் தேவை.

"உங்க ஆளுங்களே மாத்தி மாத்தி நடிக்கலாமே?" என்றேன்.

"அவங்க நடிச்சா அஞ்சே நிமிஷத்துல குணமாயிடறாங்கக்கா. கூடப் படிக்கிறவங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்களேன்னு பாவம் பாக்குறாங்க. நீங்கன்னா லேசுல விட மாட்டீங்க."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் எனக்குப் பாத்திரம் கொடுத்துவிட்டார். பெயர் திவ்யா. வயது இருபத்திமூன்று. என்ஜினியரிங் முடித்துவிட்டு குரும்பலூரில் வீட்டோடு இருக்கிற பெண். அம்மாவோடு சண்டை போட்டு போனைத் தூக்கி அடித்து உடைத்துவிட்டாள்.

"இருபத்திமூணா? எம்மேல முழங்கால் தைல வாசன வருதே, ரெஹானா!"

"ரோல்-ப்ளேக்கா. வாசனையெல்லாம் கண்டுக்க மாட்டாங்க."

டியூஷன் சென்டர் ஒன்றின் மாடியில் பயிற்சி. கரும்பலகையில் பாதி அழித்த கெமிஸ்ட்ரி. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். ரெஹானாவின் மேஜைமேல், ஆபீஸ்களில் தட்டிக் கூப்பிடுவார்களே, அந்த மணி. தெரபிஸ்ட் தப்பான பாதையில் போனால் ஒரு தட்டு. அதுதான் ஏற்பாடு.

முதலில் வந்தவர் செந்தில். அரியலூரில் ஒரு பள்ளியில் கவுன்சலர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"வணக்கம்மா. நீங்க எந்தூரு?"

"குரும்பலூருங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "குரும்பலூர்ல எங்க?"

நான் அந்த அளவுக்குப் படித்துக்கொண்டு வரவில்லை. "பஸ் ஸ்டாப்புகிட்ட..."

"பஸ் ஸ்டாப்புகிட்ட யாரு வூடு? அப்பா பேரு என்ன?"

"ராமசாமிங்க." வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ராமசாமி... ராமசாமி... அவரு தங்கச்சிய உடையார்பாளையத்துல குடுத்திருக்காங்களா?"

இங்கேதான் நான் தடுமாறினேன். இல்லாத அப்பாவுக்கு இல்லாத தங்கை. ஆனால் அவர் கேட்ட ஆர்வத்தைப் பார்த்ததும் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "ஆமாங்க!" என்றேன், நானே அந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவள் மாதிரி.

"அடடே! அப்ப எங்க மச்சானுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். எனக்கு நீ மருமவ மொறையாவுதும்மா!" அதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "கவலய வுடு. நா உங்கப்பாகிட்ட பேசிக்கிறேன்."

டிங்!

"சார், அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல" என்றார் ரெஹானா.

"சொந்தமாப் போயிட்டாங்களே டாக்டர். எப்புடி விடறது?"

கூடம் சிரித்தது. செந்தில் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே என்மேல் பொறுப்பு வந்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் சித்தப்பா ஆகிவிடுகிற சீமை இது. ஆள் யாரென்று தெரியாமல் நமக்குப் பேச்சே ஓடாது.

ஆனால் திவ்யாவை நினைத்துப் பாருங்கள். சித்தப்பா, மாமா, பெரியம்மா எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அவள் இங்கே வந்திருக்கிறாள். யாருக்கும் மருமகளாக இல்லாமல் உட்கார ஓர் அறை கிடைக்காதா என்று வந்தால், அங்கேயும் ஒரு மாமா.

ரெஹானா விடவில்லை. "சார், இந்தத் தோண்டுற திறமை பெரிய சொத்து. பக்கத்த மட்டும் மாத்துங்க. ஆளத் தோண்டாதீங்க. நடந்ததத் தோண்டுங்க."

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன ஒடைக்கிறதுக்கு முன்னாடி என்னம்மா நடந்துச்சு?"

"அம்மா திட்டுனாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"காலைலேர்ந்து சாப்புடாம இருந்தேன்."

"அதுக்கும் முன்னாடி?"

"ராத்திரி தூங்கல... கூடப் படிச்ச பொண்ணு வேல கெடச்சிடுச்சுன்னு ஸ்டேட்டஸ் போட்டிருந்தா."

யோசிக்காமல்தான் சொல்லிக்கொண்டு போனேன். சொல்லி முடித்தபோது, திவ்யா ஏன் போனை உடைத்தாள் என்று எனக்கே விளங்கியது. அம்மா திட்டியது சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும்தான். இப்படி ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போவதற்கு டி.பி.டி.யில் செயின் அனாலிசிஸ் என்று பெயராம். செந்திலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"டாக்டர், இது நாங்க தெனம் பண்ற வேலதானே! இதுக்குப் போயி இங்கிலீஷ்ல பேரா?"

அடுத்தடுத்து வந்தவர்களிடம் மணி பட்ட பாடு தனிக்கதை. அறிவுரை வந்தால் தட்டு என்பது விதி. 'காலைல சீக்கிரம் எந்திரிங்க' — டிங். 'அம்மா உங்க நல்லதுக்குத்தானே சொல்வாங்க' — டிங். 'அழாதீங்க' — அதற்கும் டிங். நான்தான் அழவே இல்லையே! ஒரு கவுன்சலர் அம்மா, "மணி அடிச்சா அடிக்கட்டும் டாக்டர், இது நல்ல விஷயம், சொல்லிடறேன்" என்று மணியோடு போட்டிபோட்டு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பதன் பலன்களை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். மனசுக்கு அல்ல, முழங்காலுக்கு. தைல வாசனையை அவர் மட்டும் கண்டுகொண்டுவிட்டார்.

நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், டீ வரும்வரை.

டீ குடிக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கவிதா என்று வைத்துக்கொள்வோம். அரியலூரில் ஒரு கிளினிக்கில் கவுன்சலர். (எழுதலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். பெயர், ஊர், கிழமை எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாற்றியிருக்கிறேன்.) அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"டாக்டர், தனியா பேசுறது எப்புடின்னு சொல்லித் தரீங்க. தனியா ஆக்குறது எப்புடின்னு சொல்லித் தரலீங்களே?"

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அதே பிரச்சினை போலிருக்கிறது.

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவர் யார்? காய்ச்சலென்றால்கூட அம்மா, மாமா, தண்ணீர் பாட்டில், பிளாஸ்க் என்று ஒரு பட்டாளம் போகும். டாக்டர் பேஷண்ட்டைப் பார்த்துக் கேட்பார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். 'வலிக்குதா?' 'ரொம்ப வலிக்குதுங்க.' சொன்னது மாமா.

கவிதாவிடம் வருகிற ஒரு பெண்ணின் அம்மாவும் அப்படித்தான். அந்தப் பெண்ணைப் பற்றி கவிதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன கஷ்டம், என்ன வயது, எதுவும் இல்லை. அம்மாவைப் பற்றி மட்டும் சொன்னார். ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் கூடவே வந்து, மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார். வெளியில் இருங்கள் என்று சொல்ல கவிதாவுக்கு நாக்கு எழவில்லை. பெற்றவளை வெளியே போகச் சொல்வதா? அதனால் ஒரு யுக்தி செய்திருக்கிறார். "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்மா, எடுத்துட்டு வரீங்களா?"

அம்மா போனார். பக்கத்துக் கடையிலேயே மெஷின். போன வேகத்தில் திரும்பிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னை அனுப்பிட்டு எம்பொண்ணுகிட்ட என்ன கேட்டன்னு சண்ட போட்டாங்க டாக்டர். வர வியாழக்கிழம ஒரு தடவ வருவோம், அதோட சரின்னுட்டுப் போயிட்டாங்க." கவிதா இன்னும் உட்காரவில்லை. "அவங்க நின்னுட்டா அந்தப் பொண்ணும் நின்னுடும். அது நிக்கக் கூடாதுங்க டாக்டர். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ரெஹானா டீ டம்ளரை மேஜைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, திவ்யாவ விட்டுடுங்க. நீங்க இப்ப அம்மா."

மகள்? செந்தில் எழுந்து வந்து, மீசையோடு, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாசகர்களே, இந்தப் பாத்திரத்துக்கு எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

கவிதா மகளைப் பார்த்துக் கேட்டார். "இந்த வாரம் எப்புடி இருந்துச்சு?"

"சாப்புடறதே இல்லீங்க" என்றேன் நான்.

"அவங்க சொல்லட்டும்மா."

"அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க."

"நீங்க போயி ஒரு டீ சாப்ட்டுட்டு வாங்களேன்."

"பஸ் ஏறும்போதுதான் குடிச்சேன்."

"பி.பி. செக் பண்ணிட்டு..."

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன். அவளப் பாருங்க."

"ரூல்ஸ்மா. வெளியிலதான் இருக்கணும்."

"பெத்தவளுக்கு என்னம்மா ரூல்ஸு?"

கூடம் கைதட்டியது. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் இன்னும் நாலு பதில் தயாராக இருந்தது. கவிதாவைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழப் போனார். "இப்படியேதாங்க டாக்டர்... இதேதான் நடக்கும் வியாழக்கிழமையும்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. நமக்கு இது விளையாட்டு, அவருக்கு இல்லை.

"உக்காருங்க கவிதா" என்றார் ரெஹானா. "இவ்வளவு நேரம் நீங்க பேசுனதெல்லாம் அந்தம்மாவ அனுப்புறதுக்கு. அந்தம்மாகிட்ட ஏதாச்சும் பேசுனீங்களா?"

கவிதா உட்கார்ந்தார். தன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவசரப்படவில்லை.

"அம்மா... நீங்க நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"வூட்டுல அவ பாத்ரூம் கதவச் சாத்துனாக்கூட நீங்க வெளில நின்னுகிட்டே இருப்பீங்கல்ல? தண்ணி சத்தம் கேக்குதான்னு."

நான் தலையை ஆட்டினேன். யார் ஆட்டச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"வெளில யாருகிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா பொண்ணுக்குப் பேரு கெட்டுடும். நீங்களே வச்சுகிட்டு இருக்கீங்க. பயமா இருக்கும்மா. இருக்காதா பின்ன?"

நான் செந்திலின் குனிந்த தலையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு ஜெராக்ஸுன்னு சொல்லி உங்கள அனுப்புனது தப்பும்மா. நேராவே கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். அவகூட நா கொஞ்ச நேரம் தனியாப் பேசணும். நீங்க கதவுக்கு வெளியிலயே உக்காந்திருங்க. எங்கயும் போவ வேணாம். அவ உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட மறைக்கவே மாட்டேன். அத அவகிட்டயும் சொல்லிடுவேன். மத்தது மட்டும் அவளோடதா இருக்கட்டும்மா."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது — நான் எழுந்து வரவேண்டும் என்று ஒத்திகையில் யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து வராத கண்ணீர் அங்கே வந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். ஆனாலும், அவள் போனை எடுக்காத ஒவ்வொரு முறையும் நான் எதையெல்லாம் நினைத்துக்கொள்கிறேன் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரோ ஒருத்தி கேட்டதும், பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்தேன் என்கிறீர்கள்? கதவில் காதை வைத்தேன். பின்னே?

உள்ளே மெல்லிய குரலில் செந்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பெற்ற தாயிடம் சொல்லாததை அப்படி என்ன சொல்கிறாள் அவளிடம்? ஆனால் உள்ளே இருப்பது செந்தில், அவருக்கு ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கிறார் என்பது நினைவுக்கு வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தனியாக விடுவது என்றால் நமக்குக் கைவிடுவது. பரீட்சைக்கு அழைத்துப் போனாலும், இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனாலும், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கிற ஜனங்கள் நாம். அதில் பிரியம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? உள்ளே போய்ப் பரீட்சையையும் நாமே எழுதிவிடலாமா என்று யோசிக்கிறோமே, அங்கேதான் இடிக்கிறது.

ஒருவழியாகக் கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார்கள். ரெஹானா என் முகத்தைப் பார்த்தார். மணியை எடுத்துப் பைக்குள் போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பை மூட்ட மறந்தேன். அந்தம்மா வந்தாரா? வெளியில் உட்கார்ந்தாரா? இதோடு சரி என்று சொல்லிவிட்டாரா? முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக இப்படித் தவிப்பேன் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலம் பொறுக்க முடியாமல் கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"எதுங்க்கா?"

"அதான்... இன்னைக்கு."

"அதச் சொல்லக் கூடாதுங்க்கா."

"பேரெல்லாம் வேணாம். வந்தாங்களா, அத மட்டும் சொல்லு."

"அதுவும்தாங்க்கா." மரியாதை குறையவில்லை. வழியும் விடவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் கூடி ஒத்திகை பார்த்திருக்கிறோம், அம்மாவாகவே நடித்திருக்கிறேன், எனக்குச் சொல்லக் கூடாதா? குரலில் எதையும் காட்டாமல் பேச்சை மாற்றினேன். "சரி, அடுத்த பயிற்சிய வர வியாழக்கிழமைக்கு மாத்தியிருக்காங்களாம். காலைலயே. வரல்ல?"

"வியாழக்கிழம காலைல மட்டும் முடியாதுங்க்கா. ஒரு செஷன் இரு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சரிம்மா" என்றேன். "நீ மத்தியானமா வந்துடு."

யாருக்கு செஷன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது.